பெரிய மோட்டார் எதற்கு?

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கினால், பம்பைப் பழித்துவிட்டுப் பெரிய மோட்டார் வாங்குவோர் உண்டு. இது வீண்செலவு என்பது என் கருத்து.

பம்பு நீரை இழுப்பதேயில்லை. ‘உறிஞ்சுகுழாய்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. சக்கரம் சுழன்று நீரை வெளியே வீசும்போது அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம்தான் நீரை மேலே ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அதன் வலிமை சுமார் 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம். எத்தனை குதிரைத்திறன் சேர்த்தாலும் இந்த எண் கூடாது. குழாயின் உராய்வும் பம்பின் தேவையும் போக, நடைமுறையில் 6, 7 மீட்டர்தான் மிஞ்சும். பெரிய பம்பு நீரை வேகமாகக் கேட்பதால், மிஞ்சுவது இன்னும் குறையும்!

அழுத்தம் மிகக் குறைந்தால் குளிர்ந்த நீரும் கொதித்துக் குமிழியிடும். அக்குமிழிகள் நசுங்கும்போது சரளைக்கல் உருளுவது போன்ற ஓசை எழும். நாளடைவில் சக்கரத்தின் உலோகமே அரிக்கப்படும்.

எண்ணூரில் 1970 முதல் 2017 வரை அனல்மின் நிலையம் ஒன்று இயங்கியது. அத்தகைய நிலையங்களில் கொதிகலனுக்குப் போகும் நீர் ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கும். 100 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தமே காற்றழுத்தத்துக்கு ஈடாகிவிடுவதால், காற்றின் உதவி கிட்டாது. ஆகவே தொட்டியைப் பல மீட்டர் உயரத்திலும் பம்பைக் கீழேயும் அமைக்கிறார்கள். நீரின் எடையே வேண்டிய அழுத்தத்தைத் தருகிறது.

உங்கள் வீட்டில் மோட்டாரை மாற்றும் பேச்சு எழுந்தால், பெரியவர் துணையோடு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று அளந்து பாருங்கள். 7 மீட்டரைத் தாண்டினால், இறக்க வேண்டியது பம்பைத்தான்.