கண்ணால் கேட்பவர்கள்

விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி. ஒரு முனையை லேப்டாப்பின் யூ.எஸ்.பி.யில் செருக வேண்டும், மறுமுனையில் ஹெட்போன். பெயர் டாக். உள்ளே நடப்பது இரண்டே வேலைதான். கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்கள். சி.டி. தரம் என்றால் ஒவ்வொரு காதுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக மாற்றுவது முதல் வேலை. அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் தெம்பைத் தருவது இரண்டாவது. தீர்ந்தது சமாசாரம்.

இதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் குட்டி அடாப்டர் அமெரிக்காவில் 9 டாலர். 2012-ல் வந்த 'டிராகன்ஃப்ளை' 249 டாலர். ஏணி அதற்கு மேலும் போகிறது. ஏறியவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்: 'திரை விலகின மாதிரி இருக்கு சார்!'

நானும் சொன்னவன்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய். பி.காம். படித்தவனுக்குச் செலவை முதலீடு என்று எழுதிக்கொள்ளச் சொல்லியா தர வேண்டும்? மகள்தான் கேட்டாள்: "கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லுப்பா, பார்ப்போம்."

மல்ட்டிமீட்டர் வைத்து, அடாப்டரிலும் டாக்கிலும் சத்தத்தைச் சமமாக்கினோம். ஒரே பாட்டு. அவள் மாற்றி மாற்றிச் செருக, பத்து முறை சொன்னேன். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க் வந்திருக்கும்.

அப்படியானால் அன்றைக்கு விலகிய திரை? புதுப் பெட்டி கொஞ்சம் உரக்கப் பாடியது, அவ்வளவுதான். துளி சத்தம் கூடினால் காது அதை 'சத்தம்' என்று சொல்லாது. 'தெளிவு' என்று சொல்லும். சத்தத்தைச் சமப்படுத்தாமல், எது எதுவென்று பார்த்துக்கொண்டே எழுதும் விமர்சனம் எல்லாம் இந்த ஏமாற்றத்தின் மேல் கட்டிய கோபுரம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சடித்தால் விலையும் எகிறுகிறது. மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. உயர்தர ஒலியையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். மொத்தம் 554 முயற்சி. சரியான பதில் 276. இதுவும் காசு சுண்டல்தான்!

டாக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் ஹெட்போன் ஜாக் இல்லையா? லேப்டாப் ஜாக்கில் 'உஸ்' என்று இரைச்சலா? 300 ஓம் ஹெட்போனுக்குச் சத்தம் போதவில்லையா? தாராளமாக வாங்குங்கள். அங்கே வித்தியாசம் நிஜம். மற்றபடி காசு இருந்தால் ஹெட்போனில் போடுங்கள். ஹெட்போனுக்கு ஹெட்போன் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மல்ட்டிமீட்டரும் வேண்டாம், மகளும் வேண்டாம்.

விற்பவர் 'கேட்டுப் பாருங்க' என்றால், 'கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கலாமா?' என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் பர்ஸைத் திறக்கலாம்.

என் பன்னிரண்டாயிரம் மேஜை மேல்தான் இருக்கிறது. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு கேட்டால், இப்போதும் அதுதான் நன்றாகக் கேட்கிறது.