சமைக்காத ரொட்டிக்கு எதுக்குப் படம்?

சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் போட்டோ ஒரு சாட்சி: இதை யாரோ உண்மையிலேயே சமைச்சிருக்காங்க. எந்த நிறம் வந்ததும் இறக்கணும் என்று அதைப் பார்த்துத்தான் பழகுறோம். ஏஐ படத்துக்குப் பின்னால் அடுப்பே இல்லை.

2024இல் அமெரிக்காவின் இன்ஸ்டாகார்ட் நிறுவனம் சமையல் குறிப்புகளுக்கு இப்படிப் படம் போட்டது. கேலி கிளம்பியதும் சிலதை நீக்கியது. அந்தச் சாப்பாடு பலருக்கும் தெரியும், அதனால் பிழை பிடிபட்டது.

தெஹியோவிட்ட தோட்டத்து லயத்தில் தேங்காய்ப்பூ போட்டுச் சுடுற கோதுமை மா ரொட்டியை வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்? மெஷின் அதை நான் ரொட்டி மாதிரி வரைஞ்சாலும் கேட்க ஆளிருக்காது. அதுவே அசல் என்று ஆகிவிடும்.

நல்ல கமெரா இல்லையா? கையிலிருக்கிற போன் போதும். புகை படிஞ்ச சுவரும் கருகின ஓரமும் படத்தில் விழட்டும். சுட்டவங்க பேரையும் கீழே போடுங்க.