நிற்கும் கல்லும் நிழற்படமும்

கல்லின்மேற் கல்லை நிறுத்திச் சிறிது நேரம் கண்டு மகிழ்ந்து, பின் கலைத்துவிடுவதையும் ஒரு கலை என்கின்றனர். பசையில்லை, கம்பியில்லை. கல்லின் மேடுபள்ளங்களில் மூன்று சிறு தாங்குமிடங்கள் வாய்த்து, அவற்றின் நடுவே மேற்கல்லின் புவியீர்ப்பு மையம் நேராக அமையுமாயின் கல் நிற்கும். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டிய எம் பாட்டிமார் இவ்வுண்மையைப் புத்தகம் படியாமலே அறிந்திருந்தனர். தமிழ்நாட்டு மலைக்கோயில்களுக்கு ஏறுவோர் வீடமைய வேண்டி வழியோரத்திற் கல்லடுக்குவதும் உண்டு. ஆயின் அங்கே நேர்த்தியே பெரிது, வடிவம் பெரிதன்று.

கரவெட்டியில் மலையுமில்லை, ஆறுமில்லை. ஆனால் வடமராட்சிக் கரையில் முருகைக்கற்களுக்குக் குறைவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது மாணவன் ஒருவன் அங்கே ஐந்து கற்களை நிறுத்தி எடுத்த படமொன்றைக் கொணர்ந்தான். யாம் வியந்து அதனை வகுப்பறைச் சுவரில் மாட்டினோம்; தமிழாசிரியருக்கு வியத்தல் எளிது. மறுவாரம் அவனே வந்து, மூன்றாங் கல்லின்கீழ்க் களிமண் இருந்ததெனத் தலைகுனிந்து கூறினான். "படத்தைக் கழற்றிவிடட்டுமா, ஐயா?" என்றான். "வேண்டாம், களிமண் துணைசெய்தது என்று கீழே எழுதிவிடு" என்றோம்.

இஃது அற்பச் செய்தியன்று. திருவிழாவிற் சாத்துப்படியும் ஓரிரவிற் கலைவதே. எனினும் அதனை ஊர் முழுவதும் கண்டிருக்கிறது. தனியே நின்ற கல்லுக்குப் படமொன்றே சாட்சி. அச்சாட்சி பொய்த்தால், கலையென்று சொல்ல எஞ்சுவது யாது? பிரித்தானியக் கலைஞர் அன்டி கோல்ட்ஸ்வேதியைப் பற்றி 2001இல் வெளிவந்த திரைப்படத்தில், கடற்கரையில் அவர் அடுக்கும் கற்கள் மீண்டும் மீண்டும் சரிகின்றன. அச்சரிவையும் மறையாது காட்டியமையாலேயே நிமிர்ந்த கற்களை நாம் நம்புகிறோம். ஆதலின் கல்லூரிப் படப்போட்டிக்கு இத்தகைய படம் வருமாயின், கல் நின்றதோடு கலைந்ததையும் காட்டும் படம் உடன் வரல் வேண்டும் என்பது எமது கருத்து. கலைத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தலும் வேண்டும். அதன்கீழ் நண்டும் சிப்பியும் குடியிருக்கின்றன.

அம்மாணவன் பின்னர் வேறொரு படம் தந்தான். இரண்டே கற்கள், மேற்கல் சரியும் நிலை, அதனைப் பிடிக்க விரையும் அவனது கை மங்கலாய்த் தெரிகிறது. முன்னைய படத்தின் அருகிலேயே அதனையும் மாட்டியிருக்கிறோம்.