முணுமுணுப்பும் மேய்ப்புப் பணியும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் ஆலய முற்றங்களில் இரண்டாவது கூட்டம் ஒன்று கூடுவதை நாம் அனைவரும் அறிவோம். அறிவிப்புப் பலகையின் அருகிலோ, வேப்பமர நிழலிலோ, வண்டிகள் நிற்கும் மதிலோரத்திலோ நால்வர் ஐவராக நின்று பேசுகிறார்கள். திருவிழா வரி ஏன் உயர்ந்தது? பாடகர் குழுவில் ஏன் அந்த ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்துக் கணக்கு எங்கே? பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாய் திறவாதவர்கள் இங்கே தடையின்றிப் பேசுகிறார்கள். அங்கே இல்லாத துணிவு இங்கே எப்படி வருகிறது என்று நாம் வியப்பதுமில்லை, பழகிவிட்டோம்.

இதனை 'முணுமுணுப்பு' என்று பெயரிட்டு ஒதுக்குவது நமது வழக்கம். "நல்லது செய்தாலும் குறை சொல்வார்கள்" என்று பொறுப்பாளர்கள் தம்மைத் தாமே தேற்றிக் கொள்வதும் உண்டு. இத்திங்கள் அந்த முணுமுணுப்பைப் பற்றியே வாசக அன்பர்களோடு சிந்திக்க விழைகிறோம். மாறிவரும் சமுதாயத்தில் ஒரு பங்கை வழிநடத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தாலும், குருவானவராயினும் பொதுநிலையினராயினும், அவர் முதலாவதாகக் கற்க வேண்டியது இப்பேச்சைக் கேட்கும் பக்குவமே என்பது நம் துணிபு.

எருசலேமில் எழுந்த குறை

திருச்சபையின் முதல் நிருவாகச் சீரமைப்பு ஒரு முணுமுணுப்பிலிருந்துதான் பிறந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீடர்களின் தொகை பெருகிய காலம் அது. எபிரேய மொழி பேசுவோர் ஒருபுறம். வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பிக் கிரேக்க மொழி பேசுவோர் மறுபுறம். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழியினர் குறைபட்டனர். ஆண்டவரின் உயிர்ப்பைக் கண்ணாரக் கண்ட சாட்சிகள் வாழ்ந்த சமூகத்திலேயே மொழியும் பழக்கமும் பிரிவினையைக் கொண்டு வந்துவிட்டன!

பன்னிருவர் செய்தவற்றை வரிசையாகக் கவனிப்போம். குறை கூறியவர்களை அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. விசுவாசக் குறைவு என்று மறையுரை நிகழ்த்தவுமில்லை. சீடர் அனைவரையும் கூட்டினார்கள். தங்களால் எல்லாவற்றையும் செய்ய இயலாது என்பதை வெளிப்படையாகக் கூறினார்கள். பொறுப்புக்கு வேண்டிய தகுதி இன்னதென்று சொன்னார்கள்: நற்பெயர், தூய ஆவி, ஞானம். ஆளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சமூகத்திடமே விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவர்மீதும் கைகளை வைத்து இறைவனிடம் வேண்டினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட பிரிவினரிடமிருந்தே அவர்களிற் பெரும்பாலோர் வந்திருக்க வேண்டும் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியாயின், புறக்கணிக்கப்பட்டோம் என்று முறையிட்டவர்களின் கையிலேயே பங்கீட்டின் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய துணிவு நம் பங்குகளில் எத்தனை இடங்களில் உண்டு? அதன் பின்னர் இறைவார்த்தை பரவியது, சீடர்களின் தொகை பெருகியது என்று அப்பகுதி முடிகிறது. குறை தீர்ந்ததும் நற்செய்தி வளர்ந்தது என்னும் இத்தொடர்பை நாம் தவறவிடலாகாது.

ஒரு குருவும் ஒரு தீவும்

எருசலேம் தொலைவு என்று தோன்றினால், நமக்கு அண்மையிலுள்ள ஈழத்தைப் பார்ப்போம். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1687-இல், கோவாவைச் சேர்ந்த குருவாகிய ஜோசப் வாஸ் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழும் சிங்களமும் பயின்று, சில்லாலை போன்ற ஊர்களில் இரவு வேளைகளில் திருப்பலி நிறைவேற்றினார். தீவு முழுவதற்கும் பல ஆண்டுகள் அவர் ஒருவரே குரு.

ஒருவர் எத்தனை ஊருக்குப் போக இயலும்? அவர் கண்ட வழி எளியது. ஊர்தோறும் பொதுநிலையினரைப் பொறுப்பில் அமர்த்தினார். மூப்பர் சமூகத்தின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் செபங்களை நடத்தினார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினார். குருவானவர் மீண்டும் வரும் நாள் எதுவென்று தெரியாமலே அவர்கள் சமூகத்தைக் காத்தனர். 1711-இல் அவர் கண்டியில் மறைந்தபோது பணி நின்றுவிடவில்லை. கோவாவிலிருந்து வந்த அவருடைய சபைக் குருக்கள் நூறாண்டுக்கு மேலாக அதனைத் தொடர்ந்தனர். ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் தொடர்ந்தனர். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தாம் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி ஆட்களை உருவாக்கியதே அப்புனிதரின் தலைமைத் திறன். நம் பங்குகளிலோ நிலைமை பல இடங்களில் தலைகீழ். செயலர் ஊருக்குப் போய்விட்டால் கூட்டம் இல்லை. சாவி ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம், மைக்செட் வைத்திருப்பவர் தொலைபேசி எண்ணும் ஒருவரிடம்! "நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வாரானால், அவருடைய தலைமையின் குறையை அவரே வாய்விட்டுச் சொல்லுகிறார் என்பதே பொருள்.

திருச்சபை வகுத்துள்ள வழி

இவையெல்லாம் பழங்கதை அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, பொதுநிலையினர் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கு எடுத்துரைக்கும் உரிமை உடையவர்கள் என்றும், சில வேளைகளில் அது அவர்களின் கடமையே என்றும் கற்பிக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனைச் சட்டமாக்கியது. பங்கின் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு 536-ஆம் எண்ணில் இடம் தந்தது. பங்குதோறும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று 537-ஆம் எண்ணில் விதித்தது. இறைமக்கள் அளித்த காணிக்கைகளைப் பற்றி இறைமக்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1287-ஆம் எண்ணில் கூறியது.

பேரவையின் வாக்கு ஆலோசனை வாக்கு என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. பங்குக் குருவானவர் தலைமையில் அது கூடுகிறது. ஆகவே பேரவை ஒரு சட்டமன்றம் அன்று. எதிர்க்கட்சி வரிசையும் அதற்குத் தேவையில்லை. எனினும் ஆலோசனை என்றால் கேட்டுவிட்டு மறந்துவிடுவது என்று பொருளில்லை. கேட்ட கருத்தை ஏற்றால் ஏன் ஏற்றோம், ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லும் கடன் கேட்டவருக்கு உண்டு. 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடும் வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, மதிப்பீடு ஆகிய மூன்றையும் எல்லா மட்டத்திலும் வேண்டி நிற்கிறது.

இன்றைய முற்றத்தில்

நம் பங்குகளில் மாறியிருப்பவை எவை? பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஊரில் முதியோரும் சிறுவரும் மிகுந்திருக்கிறார்கள். நகரத்துப் புறநகர்ப் பங்குகளிலோ இதற்கு மாறாக, பல மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. பழைய குடும்பங்கள் சில, திருவிழாப் பொறுப்புகளைத் தலைமுறை தலைமுறையாக வகித்து வருகின்றன. அவர்கள் தியாகம் மெய்யானது. அந்தக் கோவிலுக்கு மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆனால் புதிதாக வந்த குடும்பத்தைத் தேடி வருவது வரி ரசீது மட்டுமே என்றால், அக்குடும்பம் எத்தனை நாள் முற்றத்தில் நின்று முணுமுணுக்கும்? ஒருநாள் பேச்சு நின்றுவிடும். அடுத்த ஞாயிறு அவர்கள் வேறெங்கோ இருப்பார்கள். முணுமுணுப்பைக் காட்டிலும் அஞ்சத்தக்கது அந்த மௌனம்.

இதற்குப் பங்கு மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, குறையைக் கேட்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். அன்பியக் கூட்டங்கள் இதற்கென்றே வாய்த்தவை. செபமும் வாசகமும் முடிந்தபின் கால்மணி நேரம் பங்கின் காரியங்களைப் பேசட்டும். அன்பியப் பொறுப்பாளர் அதனைக் குறித்துப் பேரவைக்குக் கொண்டுவரட்டும். அடுத்த கூட்டத்தில் பதில் வந்து சேர வேண்டும். பதில் வராத கேள்வி மீண்டும் மதிலோரத்திற்கே திரும்பிவிடும். கைப்பேசிக் குழுக்களில் குறைகளைத் தீர்க்க முயல வேண்டாம். அங்கே எழுத்து சூடேறும், முகம் தெரியாது. கூட்டத் தேதியை அறிவிக்க அது உதவும், அவ்வளவே.

இரண்டாவது, கணக்கு. திருவிழா முடிந்த ஒரு திங்களுக்குள் வரவும் செலவும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதினால் பாதி முணுமுணுப்பு அன்றே அடங்கிவிடும். கணக்கு எழுதியவரின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

மூன்றாவது, பொறுப்புக்குக் காலவரை. பேரவை உறுப்பினரின் பதவிக்காலம் முடியும் முன்னரே, தமக்குப் பின் வருபவரைத் தம்முடன் ஓராண்டு வேலை செய்ய வைப்பது நல்ல மரபாகும். விடுமுறைக்கு ஊர் வரும் இளைஞரைக் கொடிக்கயிறு பிடிக்க மட்டும் அழைக்காமல், வரவு செலவுத் திட்டம் போடவும் அழைப்போம். கணினியில் கணக்கெழுத அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரிந்த ஊர் வழக்கத்தை அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

நான்காவது, பெண்கள். அன்பியங்கள் பலவற்றைத் தாங்கி நிற்பவர்கள் நம் தாய்மாரே. 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே திங்களில் வேதியர் பணியை நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். பீடத்தினருகில் இடம் தந்த திருச்சபையில், பேரவை மேசையில் மட்டும் இடம் மறுப்பது பொருந்துமா?

ஐந்தாவதாகச் சொல்வதை மனக்கசப்பின்றி ஏற்க வேண்டுகிறோம். நம் பங்குகளில் எழும் குறைகளில் மிகப் பழையதும் மிக ஆழமானதும் சாதியைப் பற்றியதே. தேர் எந்தத் தெருவுக்குள் வரும், யார் தோள் கொடுப்பார், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்னும் கேள்விகள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமைக்கு இடமில்லை என்று தெளிவாக்கியிருக்கிறது. ஏட்டில் உள்ளது தெருவில் நடக்க வேண்டுமானால், எருசலேமில் நடந்ததே இங்கும் நடக்க வேண்டும்: புறக்கணிக்கப்பட்டவர்களின் கையில் பொறுப்பு வர வேண்டும். திருவிழாக் குழுவிலும் நிதிக்குழுவிலும் கல்லறைக் குழுவிலும் அவர்கள் உறுப்பினராக அமராதவரையில், நாம் வாசிக்கும் சுற்றறிக்கைகள் காகிதமே.

கேட்பவரின் சிலுவை

எல்லாக் குறையும் நியாயமானது என்று நாம் சொல்ல வரவில்லை. தனிப்பகையும் பொறாமையும் பொதுக்குறையின் ஆடையை உடுத்தி வருவதுண்டு. இரவு பகல் உழைக்கும் குருவானவரையும் உபதேசியாரையும் பேரவைச் செயலரையும் நாவினால் காயப்படுத்துவோர் அதற்கு இறைவன்முன் கணக்குக் கொடுக்க வேண்டும். எனினும் பதரும் மணியும் கலந்தே களத்துக்கு வருகின்றன. தூற்றிப் பார்க்காமல் முழுவதையும் கொட்டிவிடும் உழவன் இல்லை. கேட்பவருக்குப் பொறுமை சிலுவையாகலாம். ஆனால் அந்தச் சிலுவையைத் தவிர்த்துவிட்டு மேய்ப்பராக இருக்க வழியில்லை.

குறை கூறுவோருக்கும் ஒரு சொல். மதிலோரத்தில் சொல்வதைக் கூட்டத்திலும் சொல்லுங்கள். சொன்னபின் வேலைக்குக் கையும் கொடுங்கள். எருசலேமில் குறைபட்டவர்கள் பொறுப்பு வந்தபோது பின்வாங்கவில்லை. அவ்வெழுவருள் ஒருவரான ஸ்தேவான் தம் உயிரையே கொடுத்து முதல் மறைசாட்சியானார் என்பதை மறவோம். பந்திப் பணியில் தொடங்கிய பொறுப்பு அவரை அத்துணை உயரத்திற்குக் கொண்டு சென்றது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பங்கில் நாம் அடிக்கடி கூறும் குறை எது? அதனை உரிய இடத்தில் ஒருமுறையேனும் கூறியிருக்கிறோமா?

2. நம் தெருவில் புதிதாகக் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பம் எது? அவர்கள் வீட்டு வாசலை நாம் மிதித்ததுண்டா?

3. பங்கில் நாம் வகிக்கும் பொறுப்பை நாளை நம்மிடமிருந்து ஏற்றுக்கொள்ள ஒருவரை இன்று பழக்கி வருகிறோமா?