பூட்டிய கதவு

தீயணைப்புப் படை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன செந்நிற வண்டியும் மணியோசையும் நீர்க்குழாயுமே. ஆனால், அம்மணி ஒலிக்க நேராதபடி பார்த்துக்கொள்வதையே கடமையாகக் கொண்ட பிரிவும் பெருநகரங்களிலே உண்டு. அதுவே தீத்தடுப்புப் பணியகம். நியூயோர்க் நகரில் அது தோன்றிய வரலாறு துயரம் மிக்கது. எனினும் மாணவர் அறிந்திருக்க வேண்டியது.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, சனிக்கிழமை மாலை. 'ட்ரையாங்கிள்' என்னும் சட்டை தைக்கும் தொழிற்சாலை, 10 மாடிக் கட்டிடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் நடைபெற்று வந்தது. எட்டாம் மாடியிற் குவிந்து கிடந்த துணித்துண்டுகளில் தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியிலிருந்தோருக்குச் செய்தி எட்டுமுன் தீ எட்டிவிட்டது. அங்கே வெளியேறும் வாயில்களுள் ஒன்று பூட்டிக் கிடந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டோ பாரந் தாங்காது சரிந்தது. படையினர் விரைந்து வந்தனர். ஆயினும் அவர்களது ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து வந்த இளம் பெண்கள்.

தீக்கு அழியாத கட்டிடம் என்று அது பெயர் பெற்றிருந்தது. அப்பெயர் பொய்யன்று, இன்றும் அது பல்கலைக்கழகக் கட்டிடமாக நிற்கின்றது. அழிந்தவர் உள்ளிருந்த மனிதரே. உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது ஐயமற நிறுவப்படவில்லையென, அவ்வாண்டு டிசெம்பரில் அவர்கள் விடுதலை செய்யப்பட்டனர். நேர்ந்தபின் தேடும் நீதி இத்தகையது. ஆகவே, நேருமுன் காக்கும் வழி வேண்டியதாயிற்று. 1911 ஒக்டோபரில் இயற்றப்பட்ட சட்டத்தினால் தீத்தடுப்புப் பணியகம் நிறுவப்பட்டது.

அதன் அலுவலர் கட்டிடங்களுக்குச் சென்று பார்வையிடுகின்றனர். கதவுகள் தடையின்றித் திறக்கின்றனவா, படிக்கட்டுகளிற் பொருள்கள் அடைத்துக் கிடக்கின்றனவா, எச்சரிக்கை மணி இயங்குகின்றதா என ஆராய்கின்றனர். எளிதில் தீப்பற்றும் பொருள்களைச் சேமிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். தீக்காப்புக் கருவிகளைப் பொறுப்பேற்போர் தகுதிச் சான்றிதழ் பெறல் வேண்டும்.

கூரையடியில் நீர் தெளிக்கும் குழாய்களும் சோதிக்கப்படுகின்றன. அவற்றின் வாயைச் சிறு கண்ணாடிக் குமிழொன்று அடைத்து நிற்கும். வெப்பம் ஏறியதும் குமிழினுள் இருக்கும் திரவம் விரிந்து அதனை உடைக்க, நீர் பொழியும். ஒரு வாய் திறந்தால் எல்லா வாய்களும் திறந்துவிடும் என்பது தவறான எண்ணம். தீக்கு அண்மையிலுள்ளவை மட்டுமே திறக்கும்.

இப்பணிக்குப் புகழ் குறைவு. எரியாத வீட்டைக் காண எவரும் கூடுவதில்லை. பார்வையிட வருபவரைத் தொல்லையென்று கருதும் முதலாளிகளும் உளர். ஆயினும் திறந்திருக்கும் ஒரு கதவின் மதிப்பு, அதனைப் பூட்டிவைத்த நாளிலேதான் தெரியவரும். மாணவர்களே, படமாளிகைக்கோ மண்டபத்துக்கோ சென்றால், அமருமுன் வெளியேறும் வழிகள் இரண்டைப் பார்த்து வையுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.