நீரடியில் கிடப்பவரைக் கண்டறியும் நாய்

வன்னி குளங்களால் வாழும் நாடு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். வயலுக்கு நீரும், கறிக்கு மீனும், கோடையிற் கால்நடைக்குக் குடிநீரும் தரும் அதே குளம், சில வேளைகளில் ஒரு வீட்டின் பிள்ளையையும் எடுத்துக்கொள்கின்றது. குளிக்கச் சென்றவர், வலை விரிக்கச் சென்றவர், தாமரைப்பூப் பறிக்கச் சென்ற சிறுவர், வான் பாயும் அழகைக் காணச் சென்ற இளைஞர் என மாரிதோறும் செய்தி வருகின்றது.

அதன்பின் குளக்கட்டில் நிகழ்வதை நாம் அறிவோம். ஊர் இளைஞர் மூழ்கித் தேடுவர். மீனவர் வள்ளத்திற் சென்று வலை வளைப்பர். கடற்படைச் சுழியோடிகளும் வருவர். பெற்றவளோ நீரையே பார்த்தபடி அமர்ந்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் தேடல் நின்றுவிடும், அவள் எழமாட்டாள்.

சுழியோடியின் திறமையிற் குறைவில்லை. எந்த இடத்திற் சுழியோடுவது என்பதே கேள்வி. இரணைமடு நிரம்பினால் நீர்மட்டம் 36 அடி. வெள்ளத்திற் கலங்கிய நீரில் தன் கையைத் தானே காண்பது அரிது. அடியிலே பட்டமரங்களும் முட்பற்றைகளும் கிடக்கும். இத்தனை பரப்பில் இடத்தைச் சுட்டிக்காட்ட ஒரு துணை வேண்டும். உலகின் பல நாடுகளில் அத்துணையாக அமைந்திருப்பது நாய்.

நீருக்கடியிற் கிடப்பதை நாய் எவ்வாறு முகரும் என்று மாணவர் கேட்கலாம். நாய் நீருக்குள் முகர்வதில்லை. நீரின் மேலேதான் முகர்கின்றது. நீரில் மாண்டவரின் உடல் பெரும்பாலும் முதலில் அடியிலே தாழ்ந்துவிடும். நுண்ணுயிர்கள் உடலைச் சிதைக்கத் தொடங்கியதும் வாயுக்கள் உண்டாகி, நுண்குமிழிகளாக மேலெழும். உடலின் கொழுப்புப் பொருளும் சிறிது சிறிதாக நீர்மேல் வந்து படரும். அங்கிருந்து மணம் காற்றோடு கலக்கும். மனிதன் மூக்கில் மணமறியும் நுண்ணுறுப்புகள் 50, 60 இலட்சம் என்பர். சிறந்த மோப்ப இன நாய்களுக்கோ 20 கோடிக்கும் மேல். நமக்கு வெறும் காற்றாகத் தோன்றுவது அதற்குத் தெளிவான செய்தி.

தேடலுக்கும் ஒரு முறை உண்டு. காற்று எத்திசைக்கு வீசுகின்றதோ அப்பக்கத்திலிருந்து தொடங்கி, வள்ளத்தைக் குறுக்கும் மறுக்குமாக மெதுவாகச் செலுத்துவர். நாய் அணியத்தில் மூக்கைத் தாழ்த்தி நிற்கும். மணம் பட்டதும் குரைக்கும், நீரை நக்கும், சில நாய்கள் குதிக்கவும் முற்படும். அவ்விடத்தில் ஒரு மிதவையை இடுவர். பின்னர் இன்னொரு நாயை, முதல் நாய் காட்டிய இடத்தை அறியாத பழக்குநருடன் அனுப்புவர். இரண்டும் ஒத்த இடத்தைக் காட்டினால் சுழியோடி இறங்குவார். ஆயினும் நாயின் குறி, உடல் கிடக்கும் இடத்துக்கு நேர்மேலே அமைய வேண்டுமென்பதில்லை. ஓடும் நீர் மணத்தைக் கீழே இழுத்துச் செல்லும். காற்றும் அதனை விலக்கும். அவற்றைக் கணக்கிடுவது மனிதன் வேலை. நாய் செய்வது, பெரும் பரப்பைச் சிறு பரப்பாக்குவது.

இதற்கு நெஞ்சை உருக்கும் சான்று ஒன்று கேரளத்தின் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மாண்டனர். எட்டு நாள்களின் பின், குவி என்ற வளர்ப்பு நாய் ஆற்றோரத்தில் நின்று நீரையே நோக்கிக்கொண்டிருந்தது. அங்கே தேடியபோது, அது வளர்ந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் மரக்கிளையிற் சிக்கிக் கிடக்கக் கண்டனர். குவி எந்தப் பயிற்சியும் பெறாத நாய். மலையக லயங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்கள் இக்கதையை வேற்றூர்க் கதையாகக் கேட்கமாட்டா.

பயிற்சி பெற்ற நாய்களும் கேரளப் பொலிஸில் உண்டு. மாயா, மர்பி என்னும் இரு நாய்கள் 2024 ஜூலையில் வயநாட்டு மண்சரிவின்போது பணியாற்றின. 2025 பெப்ரவரியில் தெலங்கானாவில் நீர்ச்சுரங்கம் ஒன்று இடிந்து எட்டுத் தொழிலாளர் சிக்கினர். நீரும் சேறும் நிறைந்த அவ்விடத்துக்கும் கேரள நாய்கள் அழைக்கப்பட்டன. அவை காட்டிய இடத்தைத் தோண்டியபோது, மார்ச் 9 ஆம் நாள் ஒருவரின் உடல் கிடைத்தது.

உயிர் போனபின் உடலைத் தேட இத்தனை முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வினாவை வன்னியில் எவரும் எழுப்பமாட்டார். 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டபோதும், 2009 இல் முடிந்த போரிலும் காணாமற்போனோரின் உறவினர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஈமக்கடன் செய்ய மனம் ஒப்பாமலும், செய்யாதிருக்க மனம் ஆறாமலும் கழியும் வாழ்வு அவர்களுடையது. உடல் கிடைத்தல் துயரைத் தீர்ப்பதன்று. துயருக்கு ஓர் எல்லையையேனும் தருவது.

நாய்களின் மோப்பத்தை நம்புவதும் இம்மண்ணுக்குப் புதிதன்று. போருக்குப் பின் மண்ணுக்கடியிற் புதைந்த வெடிமருந்தை மோப்பத்தால் அறியும் நாய்கள் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டன. கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் திணைக்களத்தின் நாய்ப் பிரிவும் இருக்கின்றது. நீர்த்தேடலுக்கெனப் பழக்கிய இரு நாய்களையேனும், பழக்குநர், வள்ளம், சுழியோடி சகிதம் வன்னியிலேயே நிலையாக வைத்தல் வேண்டும். தொலைவிலிருந்து வந்து சேர்வதற்குள் ஓர் இரவு கழிந்துவிடும். குளக்கட்டில் அந்த இரவு மிக நீண்டது.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒருவர் மூழ்கக் கண்டால், கண்டவர் நின்ற இடத்தை விட்டு அகலலாகாது. மூழ்கிய இடத்துக்கு நேரே அக்கரையில் எந்த மரம் தெரிகின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் வேறோர் இடத்தில் நின்று அவ்வாறே குறித்தால், இரு கோடுகளும் சந்திக்கும் இடமே தேடற்களம். மேலும், ஒவ்வொரு குளத்தின் துறையிலும் ஒரு நீண்ட கயிறும், காற்றடைத்த பழைய லொறிச் சக்கரத் தியூப் ஒன்றும் தொங்கட்டும். பிள்ளைகள் அனைவரும் நீந்தக் கற்கட்டும். நாய் எத்துணை வல்லதாயினும், அதற்கு வேலை வாராதிருப்பதே நமக்கு நன்மை.