புகார் பெட்டிக்கு யார் காவல்?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கம்பெனி வேனில் மில் வேலைக்குப் போகிறாள். சூப்பர்வைசர் கண்டபடி பேசுகிறார் என்று, பெயர் போடாமல் எழுதி புகார் பெட்டியில் போட்டாள். பெட்டி மாட்டியிருப்பதோ, மேனேஜர் ரூம் வாசலில்! மறுநாளே ஆளைக் கண்டுபிடித்து, 'இனி வேன் உங்க தெருவுக்கு வராது' என்று சொல்லி விட்டனர். 'வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்ல கண்ணு' என்று, பெற்ற தாயே அவளைத்தான் திட்டுகிறாள்.

நெடுஞ்சாலைப் பணி ஊழலைப் பற்றி பிரதமருக்கு எழுதிய இன்ஜினியர் சத்யேந்திர துபே, 2003ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'என் பெயரை வெளியிட வேண்டாம்' என்று கேட்டிருந்தும், கடிதம் பல மேஜைகளுக்குப் போனது. அதன்பின் எழுந்த கோரிக்கையால், தவறைச் சொல்பவரைக் காக்க 2014ல் ஒரு சட்டம் வந்தது. இத்தனை வருடமாகியும் அதை அமலுக்குக் கொண்டு வரவில்லை. வந்தாலும், அது அரசு ஊழியர் மேல் சொல்லும் புகாருக்குத்தான். தனியார் மில் பெண்ணுக்கு உதவாது.

திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூர் ஈஸ்ட்மேன் நிறுவனத்தைச் சேர்ந்த மில்லில் வேலை பார்த்த 20 வயதுப் பெண், 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டாள். அங்கேயே வேலை பார்த்த சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் சங்கமும், கம்பெனியும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. வேலை செய்யும் பெண்களிலேயே சிலர் பயிற்சி பெற்று கண்காணிக்க வேண்டும். மீறினால் ஆர்டருக்கே ஆபத்து. ஆர்டர் போகும் என்றால்தானே நம்மவர்களுக்கு உறைக்கிறது!

ஆனால், ஒப்பந்தம் இல்லாத மில்லுக்கும் 2013ம் வருடத்துச் சட்டம் உண்டு. பத்துப் பேரோ, அதற்கு மேலோ வேலை செய்தால், பெண் தலைமையில் உள்புகார் கமிட்டி இருக்க வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்டக் கமிட்டிக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். விசாரணை முடியும் வரை, தன்னையோ அந்த ஆளையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியும் கேட்கலாம். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. போன மாதம் வரை எனக்கும்தான் தெரியாது.

கெடு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவளோடு வேலை பார்க்கும் நாலு பேர் சாட்சி சொல்ல வருகின்றனர். மனுவை நானே எழுதி வைத்திருக்கிறேன். அவள் அம்மா கையெழுத்துப் போட விட வேண்டுமே!

- ஒரு வாசகி, மடத்துக்குளம்.